கொத்தனாருக்கும் பொறியாளருக்கும் நடுவில்: சமுதாயக் கல்லூரியில் கட்டுமானப் படிப்பு

சமுதாயக் கல்லூரி, பட்டப்படிப்பு வரை போக முடியாதவர்களை ஒரு தொழிலில் நிலைநிறுத்துவதற்காக உண்டானது. வயது வரம்பு பெரும்பாலும் கிடையாது. பள்ளியைப் பாதியில் விட்டவர், பத்தாம் வகுப்போடு நின்றவர், பல ஆண்டுகளாகக் கூலி வேலையில் இருப்பவர் என எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலைக்கு அனுப்புவது அதன் முறை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய கல்லூரி இதற்கு முன்னோடி. இந்தியாவில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் சென்னையிலிருந்து இம்முறையைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனார். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இதைத் தன் திட்டங்களில் ஒன்றாக்கியது.

கட்டுமானத் தொழிலுக்கு இந்தக் கல்வி பொருந்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வீடு கட்டும் வேலை இரண்டு வகை அறிவால் நடக்கிறது. ஒன்று கொத்தனாரின் கையறிவு. செங்கல்லைத் தட்டிப் பார்த்து வெந்ததா வேகாததா என்று சொல்வதும், கலவையைக் கரண்டியில் எடுத்ததுமே பதம் சொல்வதும் அதில் அடங்கும். மற்றது பொறியாளரின் ஏட்டறிவு. எடை, விசை, விதிமுறை, வரைபடம் எல்லாம் அவருடையவை. இவ்விருவரும் ஒரே தளத்தில் நின்றாலும், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமலும், மற்றவர் செய்வதை இவர் செய்துகாட்ட முடியாமலும் பல வேலைகள் கெடுகின்றன. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவர் வரைபடத்தைப் படிப்பார், அளவு எடுப்பார், கணக்கு எழுதுவார். தேவைப்பட்டால் தானே நூல் பிடித்து ஒரு வரி கல் வைத்தும் காட்டுவார். சைட் சூப்பர்வைசர், ஃபோர்மேன், மேஸ்திரி என்று இடத்துக்கு இடம் அவருக்குப் பெயர் மாறும். முன்பு இருபது ஆண்டு அனுபவத்தில் தானாக உருவான இந்த ஆளை ஓரிரு ஆண்டில் உருவாக்குவதே கட்டுமானப் படிப்பின் வேலை. சமுதாயக் கல்லூரி, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மூன்றுமே இதற்குத்தான் முயல்கின்றன. காலமும் ஆழமும்தான் வேறு.

படிப்பு வரைபடத்தில் தொடங்க வேண்டும். பல இடங்களில் சிமெண்டின் வேதியியலில் தொடங்குகிறார்கள். அது வீணாகும் மாதம். தளத்துக்கு வருகிற தாள்கள் பல. கட்டிட அமைப்புப் படம், தூண்களின் மையக்கோட்டுப் படம், அடித்தளப் படம், பீம் மற்றும் தளக் கம்பிப் படம், மின்சாரம், குழாய் என ஒவ்வொன்றும் தனித்தனி. மாணவர் முதலில் பழக வேண்டியது, ஒரே சுவரை இந்த எல்லாத் தாள்களிலும் தேடிக் கண்டுபிடிப்பது. அமைப்புப் படத்தில் ஒன்பது அங்குலச் சுவராகத் தெரிவது, மையக்கோட்டுப் படத்தில் ஒரு கோடாக மட்டும் இருக்கும். கம்பிப் படத்தில் அதன் மேலே போகும் பீமுக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அட்டவணையைப் பார்த்தால்தான் கீழே எத்தனை கம்பி, மேலே எத்தனை கம்பி என்பது தெரியும். இன்னொரு பழக்கமும் முதல் வாரத்திலேயே வர வேண்டும். தாளின் மேல் ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது, எழுதியிருக்கிற அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நகல் எடுக்கும்போது தாள் சுருங்கும், விரியும். எழுதிய எண் மாறாது. எண் இல்லாத இடத்தில் ஊகிக்காமல் பொறியாளரைக் கேட்டு, அவர் சொன்ன அளவைத் தாளிலேயே எழுதித் தேதி போட்டு வைக்க வேண்டும்.

அடுத்து மார்க்கிங். காலி மனையில் கட்டிடத்தை முதன்முதலாகக் காட்டுவது சுண்ணாம்புக் கோடும் நைலான் நூலும்தான். மூலையைச் சதுரமாக்க 3, 4, 5 அடி முறை எல்லாக் கொத்தனாருக்கும் தெரியும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. சிறிய அறைக்கு இது போதும். நீளம் 40 அடி, 50 அடி என்று போகும்போது 5 அடியில் வரும் கால் அங்குலப் பிசகு மறுமுனையில் இரண்டு அங்குலத்துக்கும் மேலாகிவிடும். அதனால் 30, 40, 50 அடியாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும். கடைசியில் செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே வானம் தோண்டச் சொல்ல வேண்டும். மட்டத்துக்கு டியூப் லெவல் இன்னும் நல்ல கருவிதான். ஆனால் குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும். ஆட்டோ லெவலைப் பழகியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓர் இடத்தில் நிறுத்தி, நிலையான ஒரு புள்ளியில் ஸ்டாஃப் வைத்து அளவெடுத்துவிட்டால் மனை முழுவதற்கும் மட்டம் எடுக்கலாம். இக்கருவியைத் தானே நிறுத்தி, குமிழி சேர்த்து, லெவல் புத்தகத்தில் எழுதிக் கணக்கை முடிக்கத் தெரிந்த மாணவருக்கு வேலை தேடி அலைய வேண்டியிருப்பதில்லை.

கான்கிரீட்டைப் பற்றிய பாடம் நீளமானது. அப்படித்தான் இருக்க வேண்டும். தளத்தில் நடக்கும் பெரும்பிழை சிமெண்ட் குறைவதால் வருவதைவிடத் தண்ணீர் கூடுவதால் வருவது அதிகம். எம்20 கலவையை விகிதப்படி கலக்கும்போது ஒரு 50 கிலோ மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். மணலில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதையும் இந்த 30 லிட்டரில் கழிக்க வேண்டும். தளத்தில் நடப்பது என்னவென்றால், கலவை இறுகலாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று மிக்சர்காரர் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றுவார். அந்தக் கணத்தில் மூட்டைக் கணக்கெல்லாம் வீணாகிறது. கூடுதல் தண்ணீர் காய்ந்து வெளியேறும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச்செல்லும். வலு குறையும், கம்பிக்கு ஈரம் எட்டும். படித்த சூப்பர்வைசர் அங்கே கத்த வேண்டியதில்லை. ஸ்லம்ப் கூம்பை எடுத்துவைத்தால் போதும். 30 செ.மீ. உயரமுள்ள அந்தத் தகரக் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 16 மி.மீ. கம்பியால் 25 முறை குத்தி, மேல்மட்டத்தைச் சீவி, கூம்பை நேராக மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு இறங்குகிறது என்பதை ஸ்கேலால் பார்த்தால் தண்ணீரின் அளவு எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. இதைச் செய்துகாட்டும் ஆளுக்கு முன்னால் மிக்சர்காரர் வாளியைத் தொட யோசிப்பார்.

கியூப் எடுப்பதும் அப்படியே. 150 மி.மீ. கனசதுர அச்சில் மூன்று கட்டிகள் ஒரு மாதிரி. 5 கன மீட்டர் வரை ஊற்றினால் ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு என்று விதிநூல் கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, 28-ஆம் நாள் அழுத்தி உடைக்க வேண்டும். முன்கூட்டி அறிய வேறு மூன்று கட்டிகளை 7-ஆம் நாளே உடைப்பார்கள். கட்டியின் மேல் தேதியும் எந்தத் தூண், எந்தத் தளம் என்பதும் எழுதாமல் விட்டால் 28 நாள் காத்திருந்ததற்குப் பொருளே இல்லை. ஆற்றுமணல் அரிதாகி எம்-சாண்ட் வந்த பிறகு மணல் சோதனையும் அன்றாடமாகிவிட்டது. கண்ணாடி உருளையில் மணலும் உப்புத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால் சில மணி நேரத்தில் மேலே தூசிப் படிவு தனியாக நிற்கும். அது மணலின் உயரத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல் போனால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். இந்தச் சோதனைக்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை.

கம்பி வேலையில் கணக்கும் கையும் ஒன்றாகச் சேர்கின்றன. கம்பியின் விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 12 மி.மீ. 0.889, 16 மி.மீ. 1.58 கிலோ. இதை மனத்தில் வைத்திருப்பவர் லாரி வந்ததும் கட்டை எண்ணியே எடையைச் சொல்லிவிடுவார். எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடவும் முடியும். வளைவு அட்டவணை தயாரிப்பது அடுத்த படி. ஒவ்வொரு கம்பியின் வடிவம், வெட்டு நீளம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். 12 மீட்டர் கம்பியிலிருந்து துண்டு வீணாகாமல் வெட்டும் வகையைக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. பெரிய வேலைகளில் கழிவில் ஒரு விழுக்காடு மிச்சமானாலும் அது டன் கணக்கில் வரும். ரிங் கம்பியின் கொக்கி 90 பாகையில் நின்றுவிடாமல் 135 பாகைக்கு மடங்கி உள்ளே போக வேண்டும் என்பது நிலநடுக்க விதிநூல் சொல்வது. 90 பாகைக் கொக்கி அதிர்ச்சியில் விரிந்துவிடும். கவர் பிளாக்கும் இங்கேதான் வருகிறது. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50 என்று கான்கிரீட் கம்பியை மூட வேண்டும். கல் துண்டையும் உடைந்த ஓட்டையும் முட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கடலோர ஊர்களில் பதினைந்தே ஆண்டில் தளத்தின் அடிப்பக்கம் உரிந்து துருக்கம்பி தொங்கும் வீடுகளில் பலவற்றுக்கு அந்த ஓட்டுத் துண்டும் ஒரு காரணம். கடற்காற்று படும் இடத்தில் விதிநூல் இந்த மூடலை இன்னும் கூட்டச் சொல்கிறது.

சென்ட்ரிங் பிரிப்பதிலும் நாள் கணக்கு உண்டு. தூண், சுவர்ப் பக்கப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள் 7 நாளும், அதற்கு மேல் போனால் 14 நாளும் நிற்க வேண்டும். பலகை வாடகை ஏறுகிறது என்று முன்னதாகத் தட்டச் சொல்பவர் எல்லாத் தளத்திலும் இருப்பார். அவரிடம் முடியாது என்று சொல்ல, நாளைக் குறித்துவைத்த ஒரு டைரி வேண்டும். மாணவருக்குத் தளத்தில் முதல் நாளிலிருந்தே டைரி எழுதப் பழக்குகிற கல்லூரி நல்ல கல்லூரி. எத்தனை கொத்தனார், எத்தனை பெரியாள், எத்தனை சித்தாள், எத்தனை மூட்டை, மழை பெய்ததா, யார் வந்து என்ன சொன்னார் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். மூன்று மாதம் கழித்து வழக்கு வரும்போது பேசுவது அந்தப் பக்கம்தான்.

அளவெடுத்துப் பில் போடுவது வருமானத்தைத் தீர்மானிக்கும் பாடம். பொதுப்பணித் துறையில் அளவுப் புத்தகத்தை மையால் எழுதுவார்கள். பிழை வந்தால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். தனியார் வேலையில் சதுர அடிக் கணக்கு. இரண்டிலும் சண்டை வரும் இடம் ஜன்னல், வாசல் கழிவுதான். சுவர்ப் பூச்சில் ஜன்னல் பரப்பைக் கழிப்பதா, கழித்தால் பக்கவாட்டுப் பூச்சுக்கு யார் காசு கொடுப்பது? சனிக்கிழமை கூலிப் பட்டுவாடாவில் ஓயாமல் எழும் இந்தக் கேள்விக்கு ஐ.எஸ். 1200 தெளிவாகவே பதில் சொல்கிறது. திறப்பு 0.5 சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிவில்லை. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், ஒரு பக்கத்தை மட்டும் கழிப்பார்கள். பக்கவாட்டுக்குத் தனியாகக் காசு கிடையாது. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரு பக்கமும் கழிவு, பக்கவாட்டுப் பூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இதை ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதிவைத்தால் கொத்தனாருக்கும் நட்டமில்லை, வீட்டுக்காரருக்கும் நட்டமில்லை. படிக்காத லேபர் காண்ட்ராக்டர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கணினிப் பாடத்தில் ஆட்டோகேடும் எக்செலும் தவிர்க்க முடியாதவை. ஆட்டோகேடை மட்டும் மூன்று மாதம் கற்று வரைபடம் போட வருபவர்கள் நகரங்களில் ஏராளம். தளத்தைப் பார்க்காமல் வரைகிறவர் மாடிப்படியின் தலைத்தட்டலைக் கவனிக்கமாட்டார், கதவு திறந்தால் சுவிட்ச் பலகை மறைவதைக் கவனிக்கமாட்டார். எனவே மென்பொருளை இரண்டாம் பருவத்தில் வைப்பதே முறை.

இந்தப் படிப்பின் தரம் வகுப்பறையில் தீர்மானமாவதில்லை. முற்றத்தில் ஒரு சுவர் எழுப்பி, மறுநாள் இடித்து, மீண்டும் எழுப்ப வாய்ப்பு வேண்டும். சமுதாயக் கல்லூரி முறையில் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பணிப்பயிற்சி மூன்றும் இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள கொள்கை. கட்டுமானத்தில் பணிப்பயிற்சி ஒரே தளத்தில் தொடர்ந்து நடந்தால் பலன் குறைவு. அடித்தளம் போடும் ஓர் இடம், தளம் ஊற்றும் ஓர் இடம், பூச்சும் தரையும் நடக்கும் ஓர் இடம் என்று மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு வீடு முடிய ஓராண்டு ஆகும். பயிற்சிக்கு வருபவர் மூன்று மாதம்தான் இருப்பார். அந்த மூன்று மாதமும் பூச்சு வேலையையே பார்த்துவிட்டுத் திரும்பியவர், முதல் வேலையில் கம்பிப் படத்தைக் கையில் கொடுத்தால் திகைத்து நிற்பார். கற்பிக்க வருபவர்களில் பொறியியல் பட்டதாரி ஒருவர் இருந்தால் அனுபவக் கொத்தனார் ஒருவரும் இருக்க வேண்டும். மணியாசுக் கட்டையை எந்தக் கோணத்தில் பிடித்தால் பூச்சு சமமாக வரும் என்பதைப் பாடநூலில் எழுத முடியாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் கட்டிட வேலையில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆனால் சித்தாளாகச் சேர்பவர் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். அவரோடு அதே நாளில் பெரியாளாகச் சேர்ந்த ஆண் ஐந்தாறு ஆண்டில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுவார். பாண்டில் கலவை சுமக்கும் பெண்ணுக்குக் கலவையின் பதம் தெரியாமல் இல்லை, வரி கோணினால் கண்ணுக்குப் படாமலும் இல்லை. கரண்டியை யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். இந்த அநீதியைத் தளத்துக்குள்ளேயே திருத்துவது கடினம். வெளியே ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. சமுதாயக் கல்லூரிக்கு இங்கே பெரிய இடம் உண்டு. பத்து ஆண்டு சித்தாளாக இருந்த பெண், ஓராண்டுப் படிப்போடு தரக்கட்டுப்பாட்டு உதவியாளராகவோ பண்டகசாலைப் பொறுப்பாளராகவோ அளவெடுப்பவராகவோ திரும்பினால், அவர் பெறுவது கூடுதல் சம்பளம் மட்டும் இல்லை. தோள் மேலிருந்து சுமையும் இறங்குகிறது. கொத்தனாராகவே வர விரும்புபவருக்குக் கல்லூரி துணை நின்று, முதல் வேலையைத் தானே பேசி வாங்கித் தர வேண்டும்.

படித்து முடித்த பின் வேலை எங்கே? முதல் வாயில் சைட் சூப்பர்வைசர். இதில் ஓர் உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கைதேர்ந்த கொத்தனாரின் நாள்கூலியை மாதக் கணக்காக்கினால், புதிதாகச் சேரும் சூப்பர்வைசரின் சம்பளத்தைவிடக் கூடுதலாகவே பல ஊர்களில் வரும். இதனால் படிப்பு வீண் என்று முதல் ஆண்டிலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கூலி நின்றுபோகும், சூப்பர்வைசரின் மாதச் சம்பளம் நிற்காது. ஐம்பது வயதில் சாரத்தில் ஏற முடியாத கொத்தனாரின் வருமானம் இறங்கும், கணக்குத் தெரிந்தவரின் வருமானம் ஏறும். சில ஆண்டு பொறுத்தால் இந்த இரண்டு வருமானக் கோடுகளும் ஒன்றையொன்று தாண்டுகின்றன. இன்று பெரிய தளங்களில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர் அதிகம் என்பதால் இந்தி பேசத் தெரிந்த சூப்பர்வைசருக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. வேலைக்குத் தேவையான இந்தி நூறு நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்கும்; கல்லூரி அதைக் கற்றுத்தரலாம்.

ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலைகளிலும் மண் பரிசோதனை நிலையங்களிலும் ஆய்வக உதவியாளர் வேலை உண்டு. 2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அடுக்ககம் வாங்குகிற சாதாரண மக்களே மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். சர்வே, அளவுக் கணக்கு, வரைபடம் ஆகியவை தனித்தனித் தொழில்களாகவே விரிந்திருக்கின்றன. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளுக்குப் பிறகு திட்ட அனுமதி வரைபடம் போடும் அலுவலகங்களுக்கு, பக்கவாட்டு இடைவெளியையும் தளப்பரப்புக் குறியீட்டையும் சரியாகக் கணக்கிடத் தெரிந்த உதவியாளர்கள் வேண்டும்.

அரசு வேலைக்குச் சமுதாயக் கல்லூரிச் சான்றிதழ் மட்டும் போதாது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. நிலைக்குத் தனித் தேர்வு உண்டு. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு சிவில் டிப்ளமோ வேண்டும். அரசுப் பணியைக் குறிவைக்கிறவர் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் சேர்வதே நேர்வழி. ஐ.டி.ஐ. முடித்தவரும், பன்னிரண்டாம் வகுப்பில் உரிய பாடம் படித்தவரும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் படவரைவாளர் சிவில் இரண்டாண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் தருகின்றன. டிப்ளமோ முடித்ததும் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சியை ஊதியத்தோடு பெறலாம். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் அதைக் கவனிக்கிறது.

வெளிநாட்டு வேலை இந்தத் தொழிலின் நெடுநாள் கனவு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கம் ஸ்கில் அடித்துச் சிங்கப்பூர் போவது என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. சிங்கப்பூரின் கட்டிடக் கட்டுமான ஆணையம் ஒப்புக்கொண்ட மையங்களில் கம்பி, பலகை, குழாய், டைல்ஸ் என ஒரு தொழிலில் செய்முறைத் தேர்வு எழுதித் தேறினால்தான் அங்கே தேர்ச்சியுள்ள தொழிலாளியாகப் போக முடியும். குறிப்பிட்ட நேரத்துக்குள், குறிப்பிட்ட மில்லிமீட்டர் பிழைக்குள் வேலையை முடிக்க வேண்டும். வரைபடம் படிக்கக் கற்றவருக்கு இத்தேர்வு எளிது. கடன் வாங்கி இரண்டு மூன்று முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் கைவேலையில் தோற்பதில்லை, தாளைப் புரிந்துகொள்வதில் தோற்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போவதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே ஒரு பாதுகாப்பு. தேறாதவரின் கடவுச்சீட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. அந்தச் சங்கடத்தைத்தான் போலி முகவர்கள் காசாக்குகிறார்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டுப் போவது நல்லது.

பத்து ஆண்டு கழித்துப் பலர் சொந்தமாக லேபர் காண்ட்ராக்ட் எடுக்கிறார்கள். இதற்குத் தொழில் அறிவைவிடப் பண ஓட்டம் முக்கியம். வாரம்தோறும் கூலி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரின் பணமோ வங்கிக் கடனோ கட்டத்துக்குக் கட்டம்தான் வரும். கடைக்கால் முடிந்ததும் இவ்வளவு, தளம் ஊற்றும் முன் இவ்வளவு என்று தவணைகளைத் தளம் ஊற்றுவதற்கு முன்னால் விழும்படி எழுதிக்கொள்ள வேண்டும். தளம் ஊற்றிய பின்னால் விழும்படி எழுதியவர் நகையை அடகு வைத்துத்தான் சனிக்கிழமையைத் தாண்டுவார். கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இது இல்லை. ஓர் இரண்டு வார வகுப்பாவது வேண்டும்.

உடலைப் பற்றியும் பேச வேண்டும். சாரத்திலிருந்து விழுதல், மண் சரிவு, மின்கசிவு ஆகிய மூன்றும் உயிர் பறிப்பவை. இடுப்பு வாரும் தலைக்கவசமும் அணிவது, ஆழமான குழிக்குச் சரிவு வெட்டுவது, மிக்சர் ஒயரை ஈரத்தில் போடாமல் தூக்கிக் கட்டுவது எல்லாம் பாடமாக இருந்தால் போதாது, பழக்கமாக வேண்டும். சிமெண்ட் தோலை அரிக்கும். கிரானைட் வெட்டும் தூசி நுரையீரலில் தங்கும். தளத்தில் வேலை செய்பவர் எந்தப் படிப்பு படித்திருந்தாலும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1994-இல் தொடங்கிய அவ்வாரியம் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட போராட்டத்தால் வந்தது. விபத்து உதவி, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி எல்லாம் பதிவு அட்டை இருந்தால்தான் கிடைக்கும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, விபத்து நடந்த பிறகு அலைகிற குடும்பங்கள் ஏராளம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது வாரியத்தின் பெயரில் வருகிறது, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அதற்கு எந்த நிலை, மேற்படிப்புக்கு ஏற்கிறார்களா என்பதை எழுத்தில் கேட்டுவாங்க வேண்டும். வேலைவாய்ப்பு நூறு விழுக்காடு என்று சுவரொட்டி ஒட்டுகிற நிலையத்தில், போன ஆண்டு முடித்தவர்களில் ஐந்து பேரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் போதும். செய்முறைக் கூடத்தையும் நேரில் பார்க்க வேண்டும். ஆட்டோ லெவல் எத்தனை இருக்கிறது, அதை மாணவர் கையில் தருகிறார்களா, கம்பி வளைக்கும் மேசையில் தேய்மானம் தெரிகிறதா, கியூப் அச்சில் கான்கிரீட் ஒட்டியிருக்கிறதா என்று கவனிக்கலாம்; பளபளவென்று இருக்கும் கருவிகள் பயன்படாத கருவிகள். ஏற்கெனவே பல ஆண்டு வேலை செய்தவர் முழுப் படிப்பும் படிக்க வேண்டும் என்பதில்லை. முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்று தரும் திட்டங்கள் உள்ளன; குறுகிய கால வகுப்பும் ஒரு தேர்வும் போதும். காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்துவது போன்ற நிறுவனப் பயிற்சி நிலையங்கள் சில மாதத்தில் கம்பி, சென்ட்ரிங், கொத்து வேலைகளில் தேர்ச்சி தருகின்றன. கைத்தொழிலோடு நிற்க விரும்புபவருக்கு அவை ஏற்றவை. வரைபடமும் அளவுக் கணக்கும் கற்று மேலே போக விரும்புபவர் கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை நேர வகுப்போ ஞாயிறு வகுப்போ இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் குடும்பம் நடத்துகிற கொத்தனாரோ சித்தாளோ பகல் கூலியை ஓராண்டு விட்டுவிட்டுப் படிக்க முடியாது.